திங்கட்கிழமையானால் நெஞ்சு இறுக்கமா?

கொரோனா சமயத்தில் பத்திரிகையிலும் டி.வி.யிலும் 'சைட்டோகைன் புயல்' என்று ஒரு வார்த்தை அடிபட்டது நினைவிருக்கிறதா? 2020ல் எங்கள் சிங்காநல்லூர் இ.எஸ்.ஐ. ஆஸ்பத்திரியை முழுக்க முழுக்கக் கொரோனா ஆஸ்பத்திரியாகவே மாற்றினார்கள். அப்போது காய்கறிக் கடையில் நிற்கும்போதுகூட யாராவது ஒருவர் இந்த வார்த்தையைச் சொல்லிக் கேட்டிருக்கிறேன். கிருமியைவிட அந்தப் புயல்தான் ஆளை அடித்துப் போடுகிறது என்று பேசிக் கொண்டார்கள். அது என்ன புயல், அது எங்கே இருக்கிறது என்று கேட்டால் மட்டும் பதில் வராது.

அது நம் உடம்புக்குள்ளேயேதான் இருக்கிறது, சகோதரிகளே! கொரோனா வருவதற்கு ரொம்ப காலத்துக்கு முன்பிருந்தே எங்கள் ஊர் மில்லுத் தொழிலாளிகளுக்கு அதில் ஒரு குட்டிப் புயல் வாரா வாரம் அடித்துக் கொண்டிருந்தது. பெயர்தான் தெரியாது.

கோயமுத்தூரில் 1888ல் ராபர்ட் ஸ்டேன்ஸ் துரை ஆரம்பித்த மில்லில் தொடங்கி, 1930களில் பைக்காரா மின்சாரம் வந்த பிறகு ஒன்றன்பின் ஒன்றாக மில்லுகள் எழும்பின. சிங்காநல்லூர், ஒண்டிப்புதூர், உப்பிலிபாளையம், பீளமேடு பக்கத்துப் பழைய குடும்பங்களில் மில்லுக்குப் போகாத ஆளே இல்லாத குடும்பம் அபூர்வம். பழைய மில்லுகள் பலவற்றில் இப்போது சங்கு ஊதுவதில்லை. ஆனாலும் மாவட்டத்தைச் சுற்றியுள்ள ஸ்பின்னிங் மில்லுகளில் இன்றைக்கும் ஏராளமான பெண்கள் வேலை பார்க்கிறார்கள்.

எங்கள் வீதியில் ஒரு பெண் கார்டிங்கில் இருக்கிறாள். "ஏனுங்க்கா, திங்கக்கிழமைன்னா நெஞ்சைக் கயித்தைப் போட்டுக் கட்டுன மாதிரி இருக்குதுங்க. செவ்வாய், புதன் ஆச்சுன்னா செரியாப் போயிருது. ஞாயித்துக்கிழமை கறி தின்னது சேரலைன்னு மாமியார் சொல்றாங்க" என்றாள். பாவம், கறி என்ன செய்யும்!

பஞ்சு அல்ல, பஞ்சில் ஒட்டியது

இந்த நோய்க்குப் பெயர் பிசினோசிஸ். பஞ்சு, சணல் மாதிரியான நார்த்தூசியால் நுரையீரலுக்கு வருவது. இத்தாலியில் ராமஸ்ஸினி என்ற வைத்தியர் 1700லேயே சணல் சிக்கெடுப்பவர்களின் இருமலைப் பற்றி எழுதி வைத்திருக்கிறார். 1950களில் இங்கிலாந்தில் லங்காஷயர் மில்லுகளில் ரிச்சர்ட் ஷில்லிங் என்ற டாக்டர் இதைப் படிப்படியாக வகுத்தார். முதல் படியில் திங்கட்கிழமை மட்டும் நெஞ்சு இறுக்கம். வேலையில் இறங்கிச் சில மணி நேரம் கழித்து ஆரம்பிக்கும். அடுத்த படியில் மற்ற நாட்களிலும் வரும். கடைசிப் படியில் வேலையை விட்டு நின்றாலும் மூச்சு பழையபடி திரும்பாது.

புதிதாக மில்லுக்குச் சேர்ந்தவர்களுக்கு முதல் சில நாட்கள் குளிர்காய்ச்சல், தலைவலி, உடம்பு வலி வந்து, தானாகப் போய்விடுவதும் உண்டு. 'மில்லுக் காய்ச்சல்' என்றே அதற்குப் பெயர்.

பஞ்சு மூச்சுக் குழாயில் போய் அடைத்துக் கொள்வதால்தான் இதெல்லாம் என்று நாம் நினைக்கிறோம். அதுதான் இல்லை! சுத்தமான பஞ்சு நார் அத்தனை கெடுதல் செய்வதில்லை. காய் வெடிக்கும்போது அதைச் சுற்றியுள்ள சருகு, இலைத்தூள் இவற்றில் ஒரு வகை பாக்டீரியாக்கள் வளர்ந்திருக்கும். அவை செத்துப் போனாலும் அவற்றின் மேல்தோலில் இருக்கும் எண்டோடாக்சின் என்ற நஞ்சு சாகாது. பேல் பிரித்து, புளோ ரூமில் அடித்து, கார்டிங்கில் சிக்கெடுக்கும்போது அந்தத் தூள்தான் கண்ணுக்குத் தெரியாமல் காற்றில் பறக்கிறது. அதனால்தான் கோன் வைண்டிங்கில் இருப்பவர்களைவிட புளோ ரூம், கார்டிங் ஆட்களுக்கு இந்த நோய் அதிகம். 1987ல் அமெரிக்காவில் ஆட்களைப் பஞ்சுத் தூசிக் காற்றைச் சுவாசிக்க வைத்து அளந்து பார்த்தார்கள். தூசி எவ்வளவு என்பதைவிட, அதில் எண்டோடாக்சின் எவ்வளவு என்பதைப் பொறுத்துத்தான் மூச்சு குறைந்தது.

சரி, செத்துப்போன கிருமியின் தோல் எப்படி உயிருள்ள மனுஷியின் நெஞ்சைப் பிடிக்கிறது? அது பிடிப்பதே இல்லை. பிடிப்பது நம் உடம்பேதான்!

தண்டோரா போடும் புரதம்

நுரையீரலின் காற்றறைகளில் காவல்காரச் செல்கள் சில சுற்றிக் கொண்டிருக்கும். தூசி, கிருமி எது வந்தாலும் விழுங்கும். எண்டோடாக்சின் மேலே பட்டால் 'கிருமி படையெடுத்து வந்துவிட்டது' என்று நினைத்து ஊரைக் கூட்டும். அந்தக் காலத்தில் தண்டோரா போடுவார்களே, அது மாதிரி. அந்தத் தண்டோராதான் சைட்டோகைன் என்ற புரதங்கள். அவற்றில் முதலில் ஓடி வருகிறவர்களில் ஒருவர் டி.என்.எப். முழுப்பெயர் டியூமர் நெக்ரோசிஸ் பேக்டர். கூடவே இன்டர்லூக்கின்-1, இன்டர்லூக்கின்-6 என்று உடன்பிறப்புகளும் வருவார்கள்.

தண்டோரா கேட்டதும் ரத்தக் குழாய்கள் விரிந்து, வெள்ளை அணுக்கள் கூட்டமாக வந்து இறங்குகின்றன. சிவந்து, வீங்கி, சூடேறி, வலிக்கிறது. கையில் முள் குத்திச் சீழ் பிடித்தால் நடப்பதும் இதேதான். இதற்கு அழற்சி என்று பெயர். மூச்சுக் குழாயின் உள்பக்கம் வீங்கினால் வழி குறுகி நெஞ்சு இறுகுகிறது. இந்தப் புரதங்கள் ரத்தத்தோடு போய் மூளைக்குத் தகவல் சொன்னால் காய்ச்சல். ஈரல் இன்டர்லூக்கின்-6ன் பேச்சைக் கேட்டு ஒரு புரதத்தைச் சுரக்கும். ரத்தப் பரிசோதனைச் சீட்டில் 'சி.ஆர்.பி.' என்று போட்டிருக்குமே, அது இதுதான்.

அப்படியானால் ஏன் திங்கட்கிழமை மட்டும்? தினமும் ஒரே கூச்சலைக் கேட்டால் காது மரத்துப் போவது மாதிரி, தினமும் எண்டோடாக்சின் பட்டால் காவல்காரச் செல்களும் கொஞ்சம் மரத்துப் போகின்றன. ஞாயிற்றுக்கிழமை ஓய்வு கிடைத்ததும் விழித்துக் கொள்கின்றன. மறுநாள் வேலைக்குப் போனால் பழைய வேகத்தோடு தண்டோரா! வாரக் கடைசியில் சௌகரியமாக இருப்பதால் நோய் இல்லை என்று அர்த்தமில்லை. சத்தம் கேட்கவில்லை, அவ்வளவுதான்.

ஷாங்காய் நகரத்து மில்லுத் தொழிலாளிகளை 1981 முதல் வருடக் கணக்காகத் தொடர்ந்து கவனித்து வந்திருக்கிறார்கள். பக்கத்தில் பட்டு ஆலைத் தொழிலாளிகளோடு ஒப்பிட்டும் பார்த்தார்கள். பஞ்சு ஆலைக்காரர்களின் மூச்சு அளவு வேகமாகக் குறைந்தது. சிகரெட் பிடிப்பவர்களுக்கு இன்னும் மோசம். வேலையை விட்டவர்களுக்குக் கொஞ்சம் கொஞ்சமாகத் தேறியது. 2007ல் அதே குழுவினர் இன்னொன்றும் சொன்னார்கள். ஒரே தூசியைச் சுவாசித்தாலும் எல்லோருக்கும் ஒரே அளவு கெடுதல் இல்லை. பிறவியிலேயே டி.என்.எப். மரபணுவில் இருக்கும் சின்ன வித்தியாசத்தைப் பொறுத்தும் அது மாறுகிறதாம். "அவளும்தான் இருபது வருஷமாப் போறா, அவளுக்கு ஒண்ணும் ஆகலையே" என்று ஒருத்தியை இன்னொருத்தியோடு ஒப்பிட்டுப் பேசுகிறோமே, அது எத்தனை தப்பு பாருங்கள்.

மில்லுக்காரர்கள் வீட்டில் வெல்லமும் வாழைப்பழமும் சாப்பிட்டால் பஞ்சு இறங்கிவிடும் என்பார்கள். தொண்டைக்கு இதமாக இருக்கலாம், சாப்பிடுவதில் தவறும் இல்லை. ஆனால் சோறு போகும் பாதை வேறு, மூச்சு போகும் பாதை வேறு. நுரையீரலில் இறங்கிய தூசியை வெல்லம் போய் இழுத்து வராது. மூக்கை மறைத்துத் துப்பட்டா கட்டுவதும் பெரிய பறவைப் பஞ்சைத்தான் தடுக்கும், நுண்தூசி உள்ளே போய்விடும். என்-95 மாதிரி முகத்தோடு ஒட்டி நிற்கிற முகமூடிதான் ஓரளவு உதவும். அதையும்விட முக்கியம், மில்லில் தூசி உறிஞ்சும் இயந்திரம் சரியாக ஓடுவது. நூற்பாலைக் காற்றில் ஒரு கன மீட்டருக்கு 200 மைக்ரோகிராமுக்கு மேல் பஞ்சுத்தூசி இருக்கக் கூடாது என்று அமெரிக்காவில் 1978லேயே சட்டம் போட்டார்கள். அதைத் தொழிலாளி வீட்டில் உட்கார்ந்து செய்ய முடியாது, முதலாளிதான் செய்ய வேண்டும்.

நம்மால் முடிந்தது ஒன்று உண்டு. எந்தக் கிழமை, எத்தனை மணிக்கு இறுக்கம் வந்தது என்று காலண்டரிலேயே குறித்து வையுங்கள். டாக்டரிடம் போனால் "இருமல்" என்று மட்டும் சொல்லாமல் எந்த டிபார்ட்மெண்ட், எத்தனை வருஷம், எந்தக் கிழமை என்று மூன்றையும் சொல்லுங்கள். குழாயில் ஊதிப் பார்க்கும் மூச்சுப் பரிசோதனையைத் திங்கட்கிழமை ஷிப்டுக்கு முன்னும் பின்னும் எடுத்தால்தான் வித்தியாசம் பிடிபடும். லீவு நாளில் போய் ஊதினால் எல்லாம் சரியாக இருக்கிறது என்றுதான் வரும்! பிசினோசிஸ் சட்டப்படி தொழில்நோய்ப் பட்டியலில் உள்ளது. நம் மாநிலத்தில் இ.எஸ்.ஐ. திட்டம் முதன்முதலில் தொடங்கியதே 1955ல் கோயமுத்தூரில்தான். அதில் பணம் கட்டும் தொழிலாளி, ஆதாரம் இருந்தால் நஷ்ட ஈடு கேட்கலாம்.

குப்பிக்குள் வந்த கதை

இந்த டி.என்.எப்.பைக் கண்டுபிடித்த கதையில் பெண்கள் பங்கு நிறைய. அதனால் எனக்கு இதைச் சொல்லத் தனி ஆசை.

1890களில் நியூயார்க்கில் கோலி என்ற சர்ஜன், புற்றுநோய்க் கட்டி உள்ளவர்களுக்குக் கிருமிகளை ஊசி போட்டுப் பார்த்தார். கடும் காய்ச்சல் வந்து சிலருக்குக் கட்டி கரைந்தது. காரணம் புரியவில்லை. 1975ல் அதே நகரில் எலிசபெத் கார்ஸ்வெல் என்ற பெண்மணியும் லாயிட் ஓல்டும் மற்றவர்களும் எலிகளுக்கு முதலில் பி.சி.ஜி. (நம் குழந்தைகளுக்குப் போடுகிறோமே, அதே தடுப்பூசி), பிறகு எண்டோடாக்சின் கொடுத்து, அந்த எலியின் ரத்த நீரில் கட்டியைக் கருக்கும் ஒரு பொருள் இருப்பதைக் காட்டினார்கள். 'கட்டியைச் சாகடிக்கும் காரணி' என்ற பெயர் அப்படித்தான் வந்தது.

அதே சமயம் வேறொரு ஆராய்ச்சிக்கூடத்தில் அந்தோணி செராமி என்பவர், நோய் கண்ட விலங்குகள் ஏன் எலும்பும் தோலுமாக மெலிகின்றன என்று தேடிக் கொண்டிருந்தார். மெலிய வைக்கும் ஒரு புரதம் கிடைத்தது. 1985ல் புரூஸ் பாய்ட்லரும் அவரும் பார்த்தால், இரண்டும் ஒன்றே! காசநோய்க்கு நம் பெரியவர்கள் எலும்புருக்கி என்று பெயர் வைத்தார்கள் அல்லவா? அந்த உருக்கும் வேலையில் இந்தப் புரதத்துக்கும் பங்கு உண்டு.

நடுவில் 1984ல் டயான் பென்னிக்கா என்ற பெண் விஞ்ஞானியின் குழு, மனித டி.என்.எப். மரபணுவைப் பிரித்து பாக்டீரியாவுக்குள் வைத்து, அதையே தயார் செய்ய வைத்தது. அதன் பிறகு இது குப்பியில் விற்பனைக்கு வந்தது. கல்லூரியில் பயோடெக்னாலஜி படிக்கும் என் மகள்தான் விவரம் சொன்னாள். ஒரு குப்பியில் 10 மைக்ரோகிராம், அதாவது ஒரு கிராமில் லட்சத்தில் ஒரு பங்கு. அடியில் வெள்ளையாக ஒட்டியிருப்பது தெரிந்தால் தெரியும், இல்லாவிட்டால் காலிக் குப்பி என்றே தோன்றுமாம். 157 மணிகள் கோத்த சங்கிலி மூன்று சேர்ந்து ஒரு கொத்தாக வேலை செய்யும். உறையவைத்து உலர்த்தி, பூஜ்யத்துக்கும் கீழே 20 டிகிரியில் வைத்திருப்பார்கள். சரக்கு வீரியமாக இருக்கிறதா என்று பார்க்க, கண்ணாடித் தட்டில் வளர்த்த எலிச் செல்கள்மேல் விட்டு, எத்தனை சாகின்றன என்று கணக்கிடுவார்கள். பிறகு மனிதச் செல்கள்மேல் விட்டு அழற்சியை வேண்டுமென்றே மூட்டி, புதிய மருந்து அதை அணைக்கிறதா என்று சோதிப்பார்கள்.

இதில் ஒரு வேடிக்கை. பாக்டீரியாவில் தயாரிப்பதால் அதன் எண்டோடாக்சினும் கூடவே ஒட்டிக் கொண்டு வரும். மில்லில் நம்மைப் படுத்தும் அதே நஞ்சு! அது துளி கலந்திருந்தாலும் ஆராய்ச்சி கெட்டுவிடும். அதைக் கண்டுபிடிக்க நெடுங்காலமாக உதவி வருவது குதிரைலாட நண்டின் நீல ரத்தம். எண்டோடாக்சின் பட்டால் உறைந்துவிடும். ஒரிசாக் கடற்கரையில் இந்த நண்டுகள் உண்டு.

நம் மஞ்சளில் உள்ள குர்குமினையும் இந்த மாதிரி தட்டுகளில் சோதித்திருக்கிறார்கள். தட்டில் டி.என்.எப்.பின் வேலையை நன்றாக அடக்கியது. ஆனால் வயிற்றுக்குள் போன குர்குமின் ரத்தத்தில் சேருவது மிகச் சொற்பம். மஞ்சள் பால் குடியுங்கள், நானும் குடிக்கிறேன். மருந்துக்குப் பதில் மஞ்சள் பால் என்று மட்டும் யாராவது சொன்னால் நம்பாதீர்கள்.

முடக்குவாதமும் ஒரு எச்சரிக்கையும்

முடக்குவாதம் ஆண்களைவிடப் பெண்களுக்கு இரண்டு, மூன்று மடங்கு அதிகம். இரண்டு கை விரல் மூட்டுகளும் வீங்கி, காலையில் எழுந்ததும் முந்தானையைச் செருகக்கூட விரல் மடங்காது. அங்கே கிருமியே இல்லை. இல்லாத எதிரிக்கு உடம்பு தண்டோரா போட்டுத் தன் மூட்டையே அரித்துக் கொள்கிறது. 1989ல் லண்டனில் பியனுலா பிரென்னன் என்ற பெண்மணி, நோயாளிகளின் மூட்டிலிருந்து எடுத்த செல்களில் டி.என்.எப்.பை மட்டும் தடுத்துப் பார்த்தார். மற்ற தண்டோராக்காரரான இன்டர்லூக்கின்-1ம் அடங்கியது! அவரோடு இருந்த மார்க் பெல்ட்மனும், பஞ்சாபில் லூதியானாவில் பிறந்த ரவீந்தர் மைனியும் 1992ல் நோயாளிகளுக்கே அந்தத் தடுப்பு மருந்தைக் கொடுத்தார்கள். எழுந்து நடக்க முடியாதவர்கள் நடந்தார்கள். இன்று பல பெயர்களில் இந்த ஊசி உண்டு. அடாலிமுமாப் என்ற ஊசியின் மாற்று வடிவம் உலகிலேயே முதலாவதாக 2014ல் நம் நாட்டில்தான் விற்பனைக்கு வந்தது. விலையும் கணிசமாக இறங்கியது. எல்லோருக்கும் இந்த ஊசி தேவைப்படாது. மாத்திரைகளுக்கு அடங்காதவர்களுக்குத்தான் டாக்டர் யோசிப்பார். ஆனால் மூட்டு கோணிப் போவதற்கு முன்பே, முதல் சில மாதங்களுக்குள் டாக்டரிடம் போவது எல்லோருக்கும் தேவை.

இவ்வளவு நல்ல ஊசி என்றால் மில்லு நெஞ்சுக்கும் போடலாமே என்று தோன்றும். கூடாது. அங்கே தூசியை நிறுத்துவதுதான் வைத்தியம். தண்டோராக்காரனின் வாயைக் கட்டிவிட்டால், நிஜமாகத் திருடன் வரும்போது யார் ஊரைக் கூட்டுவது?

திருடனும் சாதாரணத் திருடன் அல்ல, காசநோய்க் கிருமி. அது நம்மில் பலர் உடம்பில் சத்தமில்லாமல் தூங்குகிறது. அதைச் சுற்றிச் செல்கள் வேலி கட்டி அடைத்து வைத்திருக்கின்றன. அந்த வேலி நிற்க டி.என்.எப். வேண்டும். அதைத் தடுத்தால் வேலி சாயும், கிருமி எழுந்துவிடும். 2001ல் அமெரிக்காவில், இந்த வகையின் முதல் ஊசியான இன்ப்ளிக்சிமாப் போட்டுக் கொண்டபின் காசநோய் வந்த 70 பேரின் விவரம் வெளியான பிறகுதான் உலகம் உஷாரானது. காசநோயாளிகள் உலகிலேயே அதிகம் உள்ள நம் நாட்டில் இது சின்ன விஷயமில்லை. 1956ல் ஆரம்பித்த சென்னைக் காசநோய் ஆராய்ச்சி நிலையத்தில் நோயாளிகளின் ரத்தத்தில் இந்த சைட்டோகைன்களை அளந்து ஆராய்ந்து வருகிறார்கள்.

ஆகவே ஊசிக்கு முன் டாக்டர் மார்பு எக்ஸ்ரே, கையில் ஊசி போட்டுத் தடிப்பை அளக்கும் மாண்டூ சோதனை என்று எழுதிக் கொடுத்தால், "வாதத்துக்கு வந்தால் நெஞ்சைப் படம் பிடிக்கச் சொல்கிறாரே, காசு பறிக்கிறார்" என்று கோபித்துக் கொள்ளாதீர்கள். வீட்டில் மாமியாருக்கோ மைத்துனருக்கோ எப்போதாவது காசநோய் இருந்திருந்தால் மறைக்காமல் சொல்லிவிடுங்கள். ஊசி போட்டுக் கொள்ளும் காலத்தில் சாயங்காலக் காய்ச்சல், எடை குறைவு, விடாத இருமல் எது வந்தாலும் அடுத்த ஊசித் தேதி வரை காத்திருக்கக் கூடாது.

மில்லுக்காரர் வீட்டில் இதற்கு எதிர்ப்பக்கமும் ஒரு ஆபத்து இருக்கிறது. எந்த இருமலையும் "அது மில்லு இருமல்தான்" என்று தள்ளிவிடுவார்கள். இரண்டு வாரத்துக்கு மேல் இருமினால், பஞ்சோ என்னவோ, சளிப் பரிசோதனை செய்துவிடுவதுதான் சரி. பரிசோதனைக்கும், நோய் இருந்தால் சாப்பிடும் மாத்திரைக்கும் அரசு ஆஸ்பத்திரியில் காசு கிடையாது. காலையில் எழுந்து வாயைக் கொப்பளித்துவிட்டு, நெஞ்சிலிருந்து ஆழமாக இருமி வருகிற சளியைத்தான் டப்பியில் பிடிக்க வேண்டும். எச்சிலைத் துப்பிக் கொடுத்தால் அதில் கிருமி அகப்படாது.